கோலாவுக்கு ஆங்கிலம் கேட்காது: ந்ரி மண்ணின் அறிவைக் காப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நைஜீரியாவில் இக்போ மக்கள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் முதலில் வருவது கோலா என்ற கசப்புக் கொட்டை. வீட்டுக்காரர் அதை மரக்கிண்ணத்தில் வைத்து நீட்டுவார். வாங்கியவர் உடனே வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும், அவர் அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். யாருக்குப் பிறகு யார் என்பதற்கு உறவுமுறையும் ஊர்முறையும் உண்டு. ஒருவரைத் தாண்டிக் கிண்ணம் போனால் மனத்தாங்கல்தான். எல்லோர் கண்ணிலும் பட்டபின் கிண்ணம் கொண்டுவந்தவரிடமே திரும்பி வரும். "அரசனின் கோலா அரசன் கையில்" என்பார்கள். அப்புறம் அவையில் மூத்தவர் ஒரு கொட்டையைக் கையில் ஏந்தி வாழ்த்துவார். ஒவ்வொரு வரிக்கும் கூடியிருப்பவர்கள் "இஸே", அதாவது அப்படியே ஆகட்டும், என்பார்கள்.

"கோலா கொண்டுவந்தவர் உயிரைக் கொண்டுவந்திருக்கிறார்."

"இஸே!"

"பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும்."

"இஸே!"

"மற்றது அமரக் கூடாது என்று சொல்வதன் சிறகு ஒடியட்டும்."

"இஸே!"

உடைத்ததும் எத்தனை பிளவு என்று எண்ணுவார்கள். நான்கு என்றால் வாரத்தின் நான்கு நாளும் வந்து உட்கார்ந்துவிட்டன, நிம்மதி. இக்போ வாரத்துக்கு நான்கே நாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வாழ்த்தை இக்போ மொழியில்தான் சொல்ல வேண்டும். லண்டன் அடுக்குமாடி வீடானாலும் சரி, ஹூஸ்டன் கல்யாண மண்டபமானாலும் சரி, விதி அதுதான். "கோலாவுக்கு ஆங்கிலம் கேட்காது" என்பது அங்கே எல்லோரும் சொல்லும் சொல். வேடிக்கையாகச் சொன்னாலும், இக்போ ஆன்மிக அறிவைக் காக்கும் திட்டம் போடுகிற யாரும் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதற்குள்ளேயே இருக்கிறது. கொட்டை, மொழி, மூத்தவர், அமரும் வரிசை, "இஸே" சொல்ல நாலு பேர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருந்தால்தான் அந்த அறிவு அங்கே இருக்கிறது. ஒலிப்பதிவில் சொற்கள் மட்டும் மிஞ்சும். சொற்களுக்குப் பயனில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இக்போ அறிவைக் காக்க நூறு ஆண்டுக்கும் மேலாகச் செலவிட்ட உழைப்பில் பெரும்பகுதி சொற்களையும் பொருட்களையும் சேர்ப்பதிலேயே போயிருக்கிறது. ஆசிரியரையும் மாணவரையும் உருவாக்கப் போனது மிகச் சொற்பம். நான் சொல்ல வருவது இதைத்தான்.

மண்ணில் இருப்பது

நைஜீரியாவின் தென்கிழக்கில் அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோன்யி என்ற ஐந்து மாநிலங்களிலும், ஒட்டியுள்ள டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களின் சில பகுதிகளிலும் வாழ்பவர்கள் இக்போ மக்கள். கோடிக்கணக்கானவர்கள். இன்று அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய பழைய சமய முறைக்குப் பெயர் ஒடினானி. பிரித்துப் பார்த்தால் "மண்ணில் இருப்பது". வழக்கத்துக்குப் பெயர் ஒமேனாலா, "மண்ணில் நடப்பது". மேலே பெருங்கடவுள் சுக்வு, கீழே பூமித்தாய் அலா, இடையில் அலுசி எனப்படும் தெய்வங்களும் முன்னோர்களும், ஒவ்வொரு மனிதருக்கும் கூடவே பிறந்து கூடவே வருகிற "சி" என்ற தனித் துணை. "ஆள் சரி என்றால் அவன் சியும் சரி என்னும்" என்பது பழமொழி. தலையெழுத்து உண்டு, அதோடு பேரம் பேசவும் இடம் உண்டு.

நூல் கிடையாது. நிறுவியவர் கிடையாது. தலைமைப்பீடம் கிடையாது. பூமித்தாயின் பெயர்கூட ஊருக்கு ஊர் மாறும்: அலா, அனி, அனா, அலி. ஒரு ஊரின் விலக்கு அடுத்த ஊரில் விலக்காக இருக்காது. "இக்போவுக்கு அரசன் இல்லை" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அப்படியென்றால் ஒடினானிக்கு ஒரே பாடத்திட்டம் எழுதுவது எப்படி? இந்தக் கேள்வி பின்னால் பைபிள் வடிவில் வரும்.

இவற்றுக்கு நடுவே ஓரளவு மையம் என்று சொல்லத்தக்க இடம் ந்ரி. அனம்ப்ரா மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். எசே ந்ரி என்ற குரு-அரசரின் இருப்பிடம். படையை வைத்து ஆண்ட அரசு இல்லை இது. முகத்தில் "இச்சி" தழும்பு போட்ட ந்ரி ஆட்கள் ஊர் ஊராகப் போவார்கள். பூமித்தாய்க்கு எதிரான குற்றம் நடந்த ஊரில் தீட்டுக் கழிப்பார்கள், பட்டம் கொடுப்பார்கள், திரும்பி வருவார்கள். தீட்டுக் கழிக்கும் உரிமைதான் அவர்களுடைய செல்வாக்கு. ந்ரிக்குப் பக்கத்தில் உள்ள இக்போ-உக்வுவில் 1938-இல் ஐசாயா அனோசி என்பவர் தன் வீட்டு வளாகத்தில் மழைநீர்த் தொட்டி தோண்டியபோது வெண்கலப் பாத்திரங்கள் கிளம்பின. பிறகு 1959-60-இலும் 1964-இலும் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா அகழ்ந்ததில் நுட்பமான வெண்கல வார்ப்புகளும், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மணிகளும், மணிகளோடு உட்கார்ந்த நிலையில் புதைத்த ஒரு பெரியவரின் கல்லறையும் கிடைத்தன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமை. ந்ரி மரபோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.

எசே ந்ரியின் முக்கியமான வேலை ஆண்டை எண்ணுவது. இகு அரோ என்ற விழாவில் புதிய ஆண்டை அறிவித்து, பெருவள்ளிக் கிழங்கின் விதைக்கிழங்கை எடுத்துக் கொடுப்பார். நடவு அதற்குப் பிறகுதான். எக்கே, ஒரியே, அஃபோ, ங்க்வோ என்று வாரத்துக்கு நான்கு நாள். ஏழு வாரம் ஒரு மாதம், அதாவது 28 நாள். பதின்மூன்று மாதம் 364 நாள், மேலே ஒரு நாள் கூட்டி 365. ஒவ்வொரு நாளும் ஒரு தெய்வம், ஒரு சந்தை.

இதில் ஒன்று என்னை யோசிக்க வைக்கிறது. யாரும் திட்டம் போட்டுக் காப்பாற்றாத இந்த நாட்காட்டிதான் எல்லாவற்றையும்விட நன்றாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. நியூவி நகரத்தில் வண்டி உதிரி பாகம் விற்கிற பெரிய சந்தையின் பெயர் ங்க்வோ நியூவி. ஆவ்காவின் சந்தை எக்கே ஆவ்கா. ஒக்கேக்கே, ஒக்கோரியே, ஒகாஃபோர், ஒகோங்க்வோ என்று நைஜீரியாவில் திரும்பிய பக்கமெல்லாம் கேட்கிற பெயர்களுக்கு அந்தந்த நாளில் பிறந்த ஆண்பிள்ளை என்றுதான் பொருள். பெண்களுக்கு ம்க்பேக்கே, ம்க்பாஃபோ. பாஸ்டர் ஒகாஃபோர் மேடையில் நின்று பழைய தெய்வங்களைத் திட்டும்போதும் அவர் பெயரிலேயே அஃபோ நாள் உட்கார்ந்திருக்கிறது. புழக்கத்தில் இருப்பதற்குக் காவல் தேவைப்படவில்லை.

1911

இனி உடைந்த கதை. ஆங்கிலிகன் மிஷன் 1857-இல் ஒனிட்சாவில் கால் வைத்தது. கத்தோலிக்க மிஷன் 1885-இல். அரோசுக்வுவின் புகழ்பெற்ற குறிமேடை இபினி உக்பாபியை 1901-02 படையெடுப்பில் பிரிட்டிஷார் தகர்த்தார்கள். மிஷன் பள்ளிகள் வந்தன. படிப்பு வேண்டுமென்றால் ஞானஸ்நானம் என்ற நிலை வந்தது. இது பல இடங்களில் நடந்த கதைதான், விரிவாகச் சொல்லப் போவதில்லை.

ஆனால் 1911-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் நிர்வாகம் எசே ந்ரி ஒபாலிகேயை வற்புறுத்தி, ந்ரியின் சடங்கு அதிகாரத்தைத் துறக்க வைத்தது. விலக்குகள் இனி செல்லாது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். அதே ஆண்டு, அதே நிர்வாகம் சம்பளம் கொடுத்து அனுப்பிய மானிடவியலாளர் நார்த்கோட் தாமஸ் அதே ஒபாலிகேயைப் புகைப்படம் எடுத்தார். ஒரு கை பறித்தது, இன்னொரு கை பதிவு செய்தது.

தாமஸ் 1909 முதல் 1915 வரை தென் நைஜீரியாவிலும் சியரா லியோனிலும் சுற்றினார். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், எழுநூறு மெழுகு உருளை ஒலிப்பதிவுகள், சுமார் மூவாயிரம் பொருட்கள், போதாததற்குச் செடிகொடி மாதிரிகள் வேறு. அவருடைய முகப் படங்களில் பலவற்றில் ஆளின் தலைக்கு மேல் ஒரு எண் அட்டை தெரியும். சிலர் முகத்தில் எரிச்சல், சிலர் முகத்தில் சிரிப்பை அடக்கும் தோரணை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண். பொருட்கள் கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்துக்கும், ஒலிகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

நூறு ஆண்டு கழித்து, 2018-இல் மானிடவியலாளர் பால் பாசு தலைமையில் ஒரு குழு இந்தப் படங்களையும் ஒலிகளையும் திரும்ப அந்தந்த ஊர்களுக்கு எடுத்துக்கொண்டு போனது. எண் போட்ட முகங்களைப் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அடையாளம் கண்டார்கள். இந்தச் சேகரிப்பு வேண்டாம் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. 1911-இன் குரல் வேறு எங்கும் இல்லை. ஆனாலும் கசக்கத்தான் செய்கிறது. சடங்கு செய்யும் அதிகாரத்தை நிறுத்திவிட்டுச் சடங்கின் பாட்டை உருளையில் பிடித்துவைத்ததுதான் இக்போ அறிவுக்கு வந்த முதல் "பாதுகாப்புத் திட்டம்". அதன் சாயல் பின்னால் வந்த திட்டங்களிலும் தெரிகிறது.

அருங்காட்சியகம், மேடை, பாடப்புத்தகம்

தென்கிழக்கு நைஜீரியா தனி நாடாகப் பிரியப் போய் மூண்ட பியாஃப்ரா போர் 1967 முதல் 1970 வரை. பட்டினியில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் கோயில் உருவங்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டிப் போயின. 2020 ஜூனில் பாரிசில் கிறிஸ்டீஸ் நிறுவனம் இரண்டு அலுசி உருவங்களை ஏலம் விட்டது. இவை போர்க்காலத்தில் திருடு போனவை என்று பிரின்ஸ்டன் பேராசிரியர் சிகா ஒக்கேக்கே-அகுலு எதிர்ப்புத் தெரிவித்தார். முறையாக வந்தவை என்றது நிறுவனம். 2,12,500 யூரோவுக்கு விற்றுப்போயின.

போர் முடிந்த சூட்டில் ந்ரியில் 1972-இல் தொடங்கியதுதான் ஒடினானி அருங்காட்சியகம். மானிடவியலாளர் ஒன்வுஎஜெயோக்வுவின் முயற்சி, இபாதான் பல்கலைக்கழக ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தின் துணை. தலைநகரத்துக்குக் கொண்டுபோகாமல் பொருட்களை அந்த மண்ணிலேயே வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கூடவே அதே பெயரில் ஒரு ஆய்விதழும் வந்தது. ந்ரி மரபு பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அவர் பெரியவர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதியது.

குறை எங்கே என்றால், பெட்டிக்குள் வைக்க முடிந்ததைத்தான் அருங்காட்சியகம் வைக்கும். இகெங்கா என்ற கொம்பு வைத்த மரச் சிற்பம் ஒருவரின் வலது கையின் ஆற்றலுக்கு உருவம். சில ஊர்களில் ஆள் இறந்ததும் அவருடைய இகெங்காவை இரண்டாகப் பிளந்துவிடுவார்கள். அவரோடு அதன் வேலையும் முடிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிளக்காமல் நிற்கிற இகெங்காவைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு இந்தக் கடைசிப் பாதி தெரியாமலே போகலாம்.

மேடைக்கு வருவோம். 1979-இல் இமோ மாநில அரசு அஹியாஜோகு சொற்பொழிவைத் தொடங்கியது. அஹியாஜோகு என்பது கிழங்கின் தெய்வம். முதல் உரை பேராசிரியர் எச்செருவோவுடையது. அறிவும் அக்கறையும் நிறைந்த தொடர்தான், ஆனால் பேச்சு ஆங்கிலத்தில். கிழங்குத் தெய்வத்துக்கு மட்டும் ஆங்கிலம் கேட்கும் போலிருக்கிறது! இதற்கு மாற்றாக 1996-இல் ஒடேனிக்போ என்ற தொடர் வந்தது. முழுக்க இக்போவில். தொடங்கியவர் யார் என்று பார்த்தால் ஓவேரியின் கத்தோலிக்கப் பேராயர் ஒபின்னா. அதாவது பழைய சமயத்தை ஒதுக்கிய திருச்சபையின் வீட்டிலிருந்தே மொழிக்கு மேடை வந்தது. இந்தக் கதையில் நல்லவர் கெட்டவர் என்று பிரிப்பது சுலபமில்லை.

அந்த மேடையில் 1999-இல் பேச வந்த நாவலாசிரியர் சினுவா அச்செபே, பொது இக்போவை விட்டுவிட்டுத் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசினார். காரணம் இருந்தது. 1913-இல் வெளிவந்த பைபிளுக்காக, பாதிரியார் டென்னிஸ் தலைமையில் ஐந்து வட்டார வழக்குகளைக் கலந்து "ஒன்றிய இக்போ" என்று ஒன்றைச் செய்தார்கள். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். விளைவாக வந்தது யார் வீட்டிலும் பேசாத மொழி. அச்செபே அதை வாழ்நாள் முழுக்கச் சாடினார். ஒடினானிக்கு ஒரே பாடப்புத்தகம் எழுதலாம் என்று கிளம்புகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எந்த ஊர் மண்ணிலும் இல்லாத ஒடினானியைச் செய்துவிட வாய்ப்பு நிறையவே இருக்கிறது. இன்னொன்று: மொழிபெயர்ப்பில் சுக்வு கிறிஸ்தவக் கடவுளானார், எக்வென்சு என்ற தெய்வம் சாத்தானாகிவிட்டார். சொல் பிழைத்தது, பொருள் மாறியது.

நான்கு சரம்

மிகக் கடினமான பகுதி அஃபா. திபியா என்றால் வைத்தியர், குறி பார்ப்பவர், சடங்கு அறிந்தவர், எல்லாம்தான். அஃபா பார்க்கிற திபியாவிடம் நான்கு சரம் இருக்கும். ஒவ்வொரு சரத்திலும் நான்கு அரை ஓடுகள், பழக்கொட்டையின் பாதி. தரையில் வீசுவார். ஒவ்வொரு ஓடும் குழிவு மேலாகவோ முதுகு மேலாகவோ விழும். ஒரு சரத்துக்குப் பதினாறு விதம். நான்கும் திறந்து விழுந்தால் "ஒபி", நான்கும் கவிழ்ந்தால் "அக்வு", இடையில் பதினான்கு பெயர்கள். இரண்டு சரத்தைச் சேர்த்துப் படித்தால் 256 கூட்டு. ஒவ்வொரு கூட்டுக்கும் சொல், அந்தச் சொல்லுக்குக் கிளை, கிளைக்குக் கதை. அந்தச் சொற்கள் அன்றாட இக்போ இல்லை. அஃபாவுக்கென்று தனி மொழி. நன்றாக இக்போ தெரிந்தவர்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பாதி புரியாது.

பெயர்களையும் கூட்டுகளையும் தாளில் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். எந்தக் கேள்விக்கு எந்தக் கிளையைப் பிடிப்பது என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அது ஆசானின் முதுகுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வருவது. அதோடு, கற்பதற்கு முன் அழைப்பு வர வேண்டும். அக்வு என்ற தெய்வம் (மேலே சொன்ன ஓட்டுப் பெயர் வேறு) ஒருவரைப் பிடித்து ஆட்டும்: காரணம் தெரியாத நோய், தொடர் நஷ்டம், சித்தம் கலங்குதல். குறி பார்த்து, அக்வுவுக்கு இடம் அமைத்து, "இவா அன்யா" எனும் கண் திறக்கும் சடங்கு செய்தபின்தான் ஆள் திபியா. விண்ணப்பப் படிவம் போட்டுச் சேருகிற படிப்பாக இதை மாற்றினால் அந்த அழைப்பை எங்கே வைப்பது?

பக்கத்திலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. யொருபா மக்களின் இஃபா இதற்கு மிக நெருங்கிய முறை. அங்கும் பதினாறு, அங்கும் 256. இஃபாவை 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்து அறிவித்தது, 2008-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. இஃபா நன்றாக நிலைத்ததற்குப் பட்டியல் காரணமில்லை என்பது என் கணிப்பு. மனப்பாடச் செய்யுள்களை வைத்துச் சீடர்களை வளர்க்கும் ஏற்பாடு அங்கே அறுந்துபோகவில்லை. கியூபாவிலும் பிரேசிலிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. வாண்டே அபிம்போலா போல, இஃபா குருவாகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஒரே ஆள் இருக்க முடிந்தது. இக்போவிலும் அப்படி ஒருவர் இருந்தார்: நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் நில மதிப்பீட்டுத் துறைப் பேராசிரியராக இருந்த ஜான் உமே, திபியா மரபையும் அஃபா சொற்களையும் விரிவாக எழுதினார். ஆனால் அவரைச் சுற்றி ஒரு பரம்பரை எழுவதற்கு வேண்டிய ஏற்பாடு இல்லை.

இக்போ மரபில் யுனெஸ்கோ பட்டியல் ஏறியது இஜேலே, 2009-இல். நான்கு மீட்டர் உயர முகமூடி ஆட்டம். நூறு ஆட்கள் ஆறு மாதம் உழைத்துக் கட்டுவது. கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. பட்டியலுக்கு எது பிடிக்கும் என்பதும் இதில் தெரிகிறது. மூலையில் உட்கார்ந்து நான்கு சரம் வீசுகிற கிழவர் படத்தில் எடுபட மாட்டார்.

விழுவதற்குக் கட்டிய வீடு

ஓவேரிப் பக்கம் ம்பாரி என்று ஒன்று உண்டு. ஊருக்குப் பெரிய கேடு வந்தாலோ பெரிய நன்மை வந்தாலோ, அலா தனக்கு ஒரு ம்பாரி கேட்கிறாள் என்று குறியில் வரும். ஒவ்வொரு வம்சத்திலிருந்தும் ஆணும் பெண்ணுமாக ஆட்களைத் தேர்ந்து, வேலிக்குள் அடைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வேலை. புற்றுமண்ணைக் குழைத்துப் பிசைந்து உருவங்கள்: நடுவில் மடியில் பிள்ளையோடு அலா, பக்கத்தில் இடியின் தெய்வம் அமாடியோஹா, பிள்ளை பெறும் பெண், தையல் மிஷினோடு தையல்காரர், வண்டியில் வருகிற வெள்ளைக்கார அதிகாரி. ஊர் கண்டதெல்லாம் அங்கே இருக்கும். வண்ணம் பூசி, வேலி பிரித்து, ஒரு நாள் ஊரே கூடி விருந்து.

அதோடு சரி. பிறகு யாரும் தொட மாட்டார்கள். மழை கரைக்கும், கரையான் ஏறும், புதர் மூடும். பழுது பார்க்கக் கூடாது. அடுத்த முறை அலா கேட்கும்போது புதிதாகக் கட்டுவார்கள். வேலிக்குள் முன்பு போய்வந்தவர் புதியவருக்குச் சொல்லித்தருவார்.

இதைவிட நல்ல நீண்டகாலத் திட்டத்தை நான் பார்த்ததில்லை. கட்டடம் போகும், கட்டத் தெரிந்த கைகள் இருக்கும். ஓவேரியின் பண்பாட்டு மையத்தில் இன்று ஒரு ம்பாரி இருக்கிறது, சிமெண்டில். அதைக் கட்டியவர்கள் மேல் குறை சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் போருக்குப் பிறகு மண் ம்பாரி எழுவது மிக அரிதாகிவிட்டது. ஆனாலும் சிமெண்ட் கரையாது. கரையாததால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டியதில்லை என்றால் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

ஊலி ஓவியத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதை. பெண்கள் ஒரு காயின் சாற்றால் உடம்பில் வரைவார்கள், ஒரு வாரத்தில் மங்கிவிடும். சுவரில் வரைந்தால் அடுத்த மழைவரை. ஓவியர் ஊச்சே ஒக்கேக்கே தன் தாயிடமிருந்து அந்தக் கோடுகளைக் கற்று, போருக்குப் பின் ந்சுக்கா பல்கலைக்கழகத்தில் ஓவிய வகுப்புக்குள் கொண்டுவந்தார். நவீன ஆப்பிரிக்க ஓவியத்தில் அது பெரிய திருப்பம். ஊலி கேன்வாசில் வாழ்கிறது. கிராமத்துப் பெண்களின் தோளிலும் சுவரிலும் அநேகமாக இல்லை.

என்ன செய்யலாம்

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்-மாணவர் ஏற்பாட்டை இக்போ மக்கள் வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. அவர்களிடம் "இக்பா போய்" இருக்கிறது. பையன் ஒரு வியாபாரியிடம் ஐந்து ஏழு ஆண்டு வேலை பார்ப்பான், அங்கேயே சாப்பாடு, தங்கல். முடிவில் முதலாளி அவனுக்குக் கடை வைக்க முதல் கொடுத்து அனுப்ப வேண்டும். போர் முடிந்தபின் வங்கியில் எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு இருபது பவுண்டு என்று நைஜீரிய அரசு கொடுத்ததே, அதிலிருந்து அந்தச் சமூகம் எழுந்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒனிட்சா, நியூவி, லாகோசின் அலாபா சந்தை எல்லாம் இன்றும் இப்படித்தான் ஆள் வளர்க்கின்றன. அஃபாவுக்கும் மூலிகைக்கும் இதே அச்சு பொருந்தும். அழைப்பு வந்த இளைஞனுக்கு அந்த ஆண்டுகளில் சோறு போடவும், முடிவில் அவன் காலில் நிற்கவும் ஒரு நிதி. எண்மயமாக்கத்துக்குக் கேட்கும் பணத்தில் பாதியை இதற்குக் கேட்டால் என்ன?

இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆட்கள் நிரப்புவார்கள், நிரப்பியும்விட்டார்கள். "ஒக்கே இட்டே" என்று திடீர்ப் பணக்காரனாக்கும் சடங்கு விற்பவர்கள்தான் இன்று சமூக ஊடகத்தில் திபியா முகம். இக்போ மொழியில் 1992-இல் வந்து நைஜீரியப் படவுலகமான நாலிவுட்டைத் தூக்கிவிட்ட முதல் வெற்றிப் படமே பணத்துக்காக மனைவியைப் பலிகொடுக்கிற கதை. அனம்ப்ரா அரசு 2025-இல் கொண்டுவந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வியாபாரத்தைக் குற்றமாக்கியது, கைதுகளும் நடந்தன. மோசடியை அடக்க வேண்டியதுதான். யார் உண்மையான திபியா என்று சொல்லும் தகுதி காவல் நிலையத்துக்கு வந்துவிட்டது என்பதுதான் உறுத்துகிறது. அந்தத் தகுதி ஆசான்கள் கையில் இருக்க வேண்டுமானால் ஆசான்கள் இருக்க வேண்டும்.

பதிவுகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது. கோலா வாழ்த்து, நாட்காட்டி, பெயர், பழமொழி ஆகியவை பள்ளிக்கூடத்துக்கே போகலாம், போக வேண்டும். குடும்பத்தின் ஒஃபோ, அதாவது மூத்தவர் கையில் இருக்கிற உண்மையின் கோல், அந்த வம்சத்தின் விஷயம். அஃபாவின் உள்மொழியும் அக்வு சடங்கும் கண் திறந்தவர்களுக்கு. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற ஆவணக மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே வைத்துக்கொள்கிறது. தொழில்நுட்பம் தடையில்லை. தாமசின் மெழுகு உருளையில் 1911-இல் பாடியவர் எந்த அடுக்குக்குரியதைப் பாடினார் என்று சொல்ல ஊரில் ஆள் உண்டா என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றையும் காப்பதும் கடமையில்லை. ஒசு என்று ஒரு முறை இருந்தது: தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட மனிதர்களும் அவர்கள் சந்ததியும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டார்கள். கிழக்கு மாகாண சட்டமன்றம் 1956-இல் அதை ஒழித்தது. கல்யாணப் பேச்சில் இன்றும் தலைகாட்டுகிறது. ஒடினானியைக் கற்பிக்கும் எந்தப் பாடமும் இதை மறைத்தால் ஒசுக் குடும்பத்துப் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார மாட்டாள், உட்காரவும் கூடாது. தீட்டுக் கழிப்பதே ந்ரியின் தொழில் என்றால் இந்தத் தீட்டைக் கழிக்கும் முறையும் அந்த மரபிலேயே தேடக் கிடைக்கும்.

கடைசியாக மண், சொல்லுக்குச் சொல் மண்தான். ந்ரியைச் சுற்றியுள்ள அகுலு, நங்கா பகுதி நைஜீரியாவிலேயே மிக மோசமான மண்ணரிப்புப் பள்ளங்கள் உள்ள இடம். வீடும் தோட்டமும் பாதையும் செம்மண் பிளவுக்குள் சரிந்துபோகின்றன. அகுலு ஏரியின் முதலைகளை இன்றும் யாரும் அடிப்பதில்லை, அவை தெய்வத்துக்குரியவை. கோயிலின் எல்லையைக் காட்டும் ஒகிரிசி மரமும், தானாகக் கிளை உதிர்க்கும் ஒஃபோ மரமும் காடு இருந்தால்தான். மரம் நடுவதும் பள்ளத்துக்கு அணை போடுவதும் ஆன்மிகப் பாதுகாப்புத் திட்டத்தின் வரவுசெலவில் ஒரு வரியாக வர வேண்டும் என்று சொன்னால் நிதி கொடுப்பவர்கள் விழிப்பார்கள். ஒடினானி என்ற சொல்லை அவர்களுக்குப் பிரித்துக் காட்டலாம்.

கால அளவு பற்றியும் ஒன்று. இத்தகைய திட்டங்களுக்கு வழக்கமாக மூன்று ஆண்டு கிடைக்கும், முடிவில் அறிக்கை. ந்ரியில் ஓர் எசே ந்ரி இறந்தால் அடுத்தவரை உடனே தேட மாட்டார்கள். மரபுப்படி குறைந்தது ஏழு ஆண்டு அந்த இடம் காலியாக இருக்கும். அதுவரை அடாமா எனப்படும் சடங்கு அலுவலர்கள் காரியங்களைப் பார்த்துக்கொள்வார்கள். தகுந்தவர் யார் என்பதற்கு அடையாளங்கள் தோன்றும்வரை ஊர் காத்திருக்கும்.